இரும்புக்கு 500 மீட்டர், வீட்டுக்கு எத்தனை?

நடுக்கடலில் நிற்கும் எண்ணெய் மேடையைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கிறது. தண்ணீரில் வேலி கிடையாது, கயிறு கிடையாது. கப்பல்காரர்களின் கடல் வரைபடத்தில் மட்டுமே அது தெரியும். மேடையின் வெளிவிளிம்பிலிருந்து 500 மீட்டர் தூரம். அனுமதி இல்லாத கப்பலோ, இழுவைப் படகோ, மீன்பிடிப் படகோ அதற்குள் வரக் கூடாது. பாதுகாப்பு வளையம் என்று அதற்குப் பெயர்.

ஜெலுத்தோங் சாலையில் 500 மீட்டர் என்பது ஆறேழு நிமிட நடை. பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் காய்கறிப் பையோடு அடுக்குமாடி வீட்டுக்குப் போய்ச் சேரும் தூரம்.

பினாங்குக் கடலில் எண்ணெய் மேடை எதுவும் இல்லையே, இந்த வட்டத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கெர்தேயிலும் மிரியிலும் லாபுவானிலும் மேடை வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். வெல்டிங், சாரம் கட்டுவது, பெயிண்ட், சமையல், துப்புரவு என்று பல வேலை. அந்த மேடைகளிலிருந்து வரும் எரிவாயு கரையேறிய பிறகு தோட்டங்கள் வழியாகவும் தாமான்கள் வழியாகவும் குழாயில் ஓடுகிறது. பிறை மின்நிலையமும் பக்கத்திலுள்ள குளுகோர் மின்நிலையமும் ஆண்டுக்கணக்கில் எரிவாயுவில்தான் மின்சாரம் தயாரித்தன. நம் வீட்டு விளக்கு எரிந்தது அதில்தான். கடலில் இரும்புக்குக் கிடைத்த பாதுகாப்பு வட்டம் கரையில் மனிதனுக்குக் கிடைத்ததா? இதுதான் நம் கேள்வி.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். 500 என்ற எண்ணுக்கு வயது எழுபதாகிறது. ஐக்கிய நாட்டுச் சபையின் அனைத்துலகச் சட்ட ஆணையம் 1956-ல் கடல் சட்ட வரைவை எழுதியபோது, பொதுவாக 500 மீட்டர் போதும் என்று கருத்துச் சொன்னது. 1958-ல் ஜெனிவாவில் நிறைவேறிய கண்டத்திட்டு உடன்படிக்கையில் அந்த எண் ஏறியது. 1982-ல் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 60-ஆவது பிரிவிலும் அதே எண். மலேசியா 1984-ல் இயற்றிய பிரத்தியேகப் பொருளாதார மண்டலச் சட்டத்தில் அதை எழுதிக்கொண்டது. 1996 அக்டோபரில் ஐ.நா. உடன்படிக்கையையும் உறுதிசெய்தது. கப்பல்கள் பெருத்துவிட்டன, மேடைகள் ஆழ்கடலுக்குப் போய்விட்டன, எண் மட்டும் மாறவில்லை.

500 மீட்டர் போதுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 15 கடல்மைல் வேகத்தில் வரும் கப்பல் 500 மீட்டரைக் கடக்க ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் போதும். முழுச் சுமையோடு வரும் பெரிய எண்ணெய்க் கப்பலோ எஞ்சினைப் பின்னோக்கித் திருப்பினாலும் நிற்பதற்குச் சில கிலோமீட்டர் எடுக்கும். எனவே வழிதவறி வரும் பெருங்கப்பலை இந்த வட்டம் தடுத்து நிறுத்திவிடாது. நுழைந்தவன் மீது வழக்குப் போட உதவும், அவ்வளவுதான். மாட்டுவது பெரும்பாலும் சின்னப் படகுக்காரன்.

அவன் ஏன் அங்கே போகிறான்? மீன் இருப்பதால் போகிறான். மேடையின் இரும்புக் கால்களில் பாசியும் சிப்பியும் படிகின்றன. அதைத் தேடிச் சிறுமீன் வருகிறது, அதைத் தேடிப் பெருமீன் வருகிறது. திரெங்கானுவில் தூண்டில் போடுகிறவர்களைக் கேட்டால் மேடைக்கு அருகில் கிடைக்கும் மீனைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். நம் அரசாங்கத்துக்கும் இது தெரியும். மிரிக்கு அருகில் பழுதாகிச் சாய்ந்து கிடந்த பாராம்-8 மேடையை 2004-ல் மீன்கள் வாழும் செயற்கைத் திட்டாக மாற்றியதே அரசாங்கத்தின் ஒப்புதலோடுதான். செத்த மேடையில் மீன் பிடிக்கலாம், உயிரோடு இருக்கும் மேடையை நெருங்கக் கூடாது. தீப்பொறி ஒன்று போதும் என்பதால் அந்த விதி நியாயமானதே. ஆனால் விதியை எழுதும் மேசையில் மீனவனுக்கு நாற்காலி போட்டார்களா? கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெயும் எரிவாயுவும் தேடும் உரிமை ஓ.என்.ஜி.சி.க்குக் கொடுக்கப்பட்டபோது, 2025-ல் குமரி மீனவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்ததும் இதே வருத்தத்தில்தான்.

வெளியே இருப்பவனைப் பற்றி இவ்வளவு. வட்டத்துக்கு உள்ளே இருப்பவனின் கதை இன்னும் கசப்பானது.

2005 ஜூலை 27. மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது மும்பை ஹை எண்ணெய் வயல். பருவமழைக் காலம், கடல் கொந்தளிப்பு. சமுத்ரா சுரக்ஷா என்ற உதவிக் கப்பலில் சமையல் வேலை செய்த ஒருவருக்கு விரலில் வெட்டுக் காயம். அவரைச் சிகிச்சைக்காக வடக்கு மேடைக்கு மாற்ற முடிவு செய்தார்கள். ஹெலிகாப்டர் பறக்க முடியாத வானிலை. கப்பல் மேடையை ஒட்டி வந்தது, கிரேனில் தொங்கவிட்ட கூடையில் அவரை ஏற்றினார்கள். அது முடிந்து விலகும் நேரத்தில் கப்பல் அலையில் தூக்கி வீசப்பட்டு மேடையின் பக்கவாட்டில் இருந்த எரிவாயுக் குழாயில் மோதியது. குழாய் உடைந்து வாயு கசிந்தது, தீப்பிடித்தது. இரண்டு மணி நேரத்துக்குள் மேடை உருகிக் கடலில் விழுந்தது. அன்று மேடையிலும் பக்கத்துத் துரப்பண மேடையிலும் கப்பலிலுமாக 384 பேர் இருந்தார்கள். 362 பேர் காப்பாற்றப்பட்டார்கள். 22 பேர் திரும்பவில்லை. அவர்களில் பாதிப் பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

சுரக்ஷா என்றால் பாதுகாப்பு. பெயரில் இருந்தது.

இந்தக் கதையில் 500 மீட்டர் வட்டத்தை மீறி வந்த அந்நியன் யாரும் இல்லை. மோதியது மேடைக்கு வேலை செய்யும் கப்பல். அழைத்ததால் வந்தது, அனுமதியோடு வந்தது. கடல்துறை அறிந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: மேடையில் மோதும் கப்பல்களில் பெரும்பாலானவை உள்ளே வர அனுமதி பெற்றவை. சாமான் கொண்டுவருவது, ஆள் ஏற்றுவது, ஆள் இறக்குவது என்று நாள்தோறும் நடமாடுபவை. வெளியாளைத் தடுக்க வட்டம் போட்டாயிற்று. உள்ளே எந்த அலை உயரத்தில், எந்தக் காற்றில், எந்தப் பக்கமாக மேடையை நெருங்கலாம், எப்போது வேலையை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் கம்பெனியின் நடைமுறைப் புத்தகத்தைப் பொறுத்தது. நிறுத்தினால் ஒரு நாள் வாடகை நட்டம் என்று நினைக்கும் மேலாளரையும் பொறுத்தது.

நம் கடலிலும் இது நடந்திருக்கிறது. 2020 அக்டோபர் 27 விடியற்காலை, மிரிக்கு அருகே டாயாங் டோப்பாஸ் என்ற தொழிலாளர் தங்கும் கப்பல் மோசமான வானிலையில் நங்கூரக் கயிறு அறுந்து எண்ணெய் மேடையில் மோதியது. கப்பலில் இருந்தவர்கள் 187 பேர். 125 பேர் இருட்டில் கடலில் குதித்தார்கள். உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. கடலுக்கு மேலே நின்று, கீழே கறுத்த தண்ணீரைப் பார்த்து, குதிப்பதா இருப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய அந்த நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு மே மாதம் மறுபடி மும்பை ஹை. தவ்தே புயல் வருகிறது என்ற எச்சரிக்கை பல நாள் முன்பே வந்திருந்தது. அப்படியிருந்தும் பி-305 என்ற தங்கும் பார்ஜ் துறைமுகத்துக்குத் திரும்பவில்லை. நங்கூரங்கள் அறுந்தன, பார்ஜ் மிதந்துபோய் ஒரு மேடையில் மோதி, பிறகு மூழ்கியது. அதிலும் வரப்பிரதா என்ற இழுவைப் படகிலும் இருந்த 80-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள்.

இந்த இரண்டு சம்பவங்களிலும் கப்பலில் படுத்திருந்தவர்கள் யார் என்று பார்த்தால், நிரந்தர ஊழியர் குறைவு, குத்தகைக்காரர்களின் ஆட்களே அதிகம். எண்ணெய்க் கம்பெனி ஒரு பெரிய குத்தகையாளரிடம் வேலையைக் கொடுக்கும், அவர் சின்னக் குத்தகையாளரிடம் கொடுப்பார், சின்னவர் ஓர் ஆள்பிடிப்பு ஏஜெண்டிடம் கொடுப்பார். நம் பிள்ளை அந்த ஏஜெண்டின் ஆள். கடலில் உயிர்தப்பும் பயிற்சிச் சான்றிதழுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் பலர் கைக்காசு போட்டோ கடன் வாங்கியோதான் கட்டுகிறார்கள். தீபகற்பத்திலிருந்து சரவாக்கில் வேலை செய்ய பெர்மிட் வேறு வேண்டும். இத்தனையும் செலவழித்துப் போனவன், நாளைக்குக் காற்று பலமாக இருக்கிறது, சாரத்தில் ஏற மாட்டேன் என்று எளிதில் வாய் திறப்பானா?

பிரிட்டன் இதற்குப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1988 ஜூலை 6-ஆம் தேதி வடகடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். பெரும்பான்மையோர் குத்தகை நிறுவனங்களின் தொழிலாளர்கள். அந்தக் காலத்தில் வடகடலில் ஒரு வழக்கம் இருந்தது. ஆபத்தைப் பற்றிப் புகார் சொன்ன தொழிலாளியை வேலைநீக்கம் செய்ய மாட்டார்கள். “இந்த ஆள் மறுபடி தேவையில்லை” என்று ஒரு குறிப்பு மட்டும் போகும். அடுத்த முறை ஹெலிகாப்டரில் அவனுக்கு இடம் இருக்காது. கல்லன் பிரபு நடத்திய விசாரணையின் அறிக்கை 1990-ல் 106 பரிந்துரைகளோடு வந்தது. ஆபத்துகள் என்னென்ன, அவற்றை எப்படிக் கட்டுப்படுத்தப் போகிறோம் என்று கம்பெனியே எழுத்தில் நிரூபித்து ஒப்புதல் பெற்றால்தான் மேடை இயங்கலாம் என்ற முறை அதன் பிறகு வந்தது. தொழிலாளர்கள் தாங்களே பாதுகாப்புப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1989-லேயே சட்டமாகியிருந்தது. வட்டம் வரைவதைவிட இவை இரண்டும்தான் உயிர்களைக் காத்தன என்பது நம் கருத்து.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உரிமைக்காகக் குரல் கொடுப்பவர்களுக்கு இந்த வட்டம் வேறு மாதிரியும் பயன்பட்டிருக்கிறது. 2013 செப்டம்பர் 18-ஆம் தேதி ரஷ்யாவின் பிரிராஸ்லோம்னாயா எண்ணெய் மேடையில் கிரீன்பீஸ் இயக்கத்தினர் சின்னப் படகுகளில் போய் ஏற முயன்றார்கள். அவர்களின் தாய்க்கப்பல் ஆர்க்டிக் சன்ரைஸ் வட்டத்துக்கு வெளியே நின்றது. மறுநாள் ரஷ்யப் படையினர் ஹெலிகாப்டரிலிருந்து அந்தக் கப்பலில் இறங்கி 30 பேரையும் பிடித்துச் சிறையில் போட்டார்கள். நெதர்லாந்து வழக்குத் தொடுத்தது. 500 மீட்டர் வட்டத்துக்குள் நுழைந்தவர்களைத் தடுக்க நாட்டுக்கு உரிமை உண்டு, ஆனால் வட்டத்துக்கு வெளியே இருந்த கப்பலை அந்த முறையில் பிடித்தது சட்டவிரோதம் என்று நடுவர் மன்றம் 2015 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. வட்டத்துக்கு உள்பக்கம் மட்டும் இல்லை, வெளிப்பக்கமும் உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு நினைவூட்டியது. 2007 நவம்பர் 25-ஆம் தேதி பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் அடியில் கூடிய பல்லாயிரம் பேருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீதிமன்றத் தடையாணை, சாலைத் தடுப்பு, கண்ணீர்ப்புகை, இரசாயனத் தண்ணீர் என்று அன்றைக்கும் ஒரு வட்டம் போட்டார்கள். எண்ணெய்ப் பணத்தில் எழுந்த கோபுரத்தின் நிழலில் அது நடந்தது தற்செயலாகவே இருக்கட்டும்.

இப்போது குழாய்க்கு வருவோம். கடல் சட்டத்தின் 500 மீட்டர் வட்டம் மேடைகளுக்கும் கட்டமைப்புகளுக்கும் உரியது. கடலடியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் குழாய்களுக்கு அந்த உடன்படிக்கை அப்படி ஒரு வட்டம் தரவில்லை. 1997 மார்ச்சில் வெஸ்ட்ஹேவன் என்ற ஸ்காட்லாந்து மீன்பிடிப் படகின் வலை வடகடலில் கடலடிக் குழாயில் சிக்கியது. படகு கவிழ்ந்து நால்வர் மாண்டார்கள். மேடையைக் கண்ணால் பார்த்து விலகலாம். குழாயை யார் பார்ப்பது?

கரையேறினாலும் குழாய் மறைந்தே இருக்கிறது. கெர்தேயில் தொடங்கும் தீபகற்ப எரிவாயுக் குழாய்க் கட்டமைப்பு 1984-லிருந்து கட்டம் கட்டமாக வளர்ந்து, தெற்கே ஜொகூருக்கும் மேற்குக்கரை வழியாக வடக்கே பெர்லிஸ் வரைக்கும் போனது. மொத்த நீளம் 2,500 கிலோமீட்டருக்கு மேல். அது போன வழியில் செம்பனைத் தோட்டம், ரப்பர் தோட்டம் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆண்டுகளில் லயத்தில் குடியிருந்தவர்கள் நம் பெற்றோர். நிலம் தோட்டக் கம்பெனியுடையது, இழப்பீடும் கம்பெனிக்கு. பத்திரத்தில் பெயர் இல்லாதவனுக்குக் கீழே என்ன புதைக்கிறார்கள் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் தோன்றவில்லை. பிறகு தோட்டங்கள் தாமான்களாக மாறின. தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் ஆற்றோரம், ரயில்பாதையோரம், மின்கம்பிக்குக் கீழே என்று கிடைத்த இடத்தில் குடிசை போட்டார்கள். மலிவான இடம் என்றால் ஆபத்துக்குப் பக்கத்து இடம் என்று இந்நாட்டில் அர்த்தமாகிவிட்டது.

2014 ஜூனில் சபா-சரவாக் எரிவாயுக் குழாய் லாவாஸ் வட்டாரத்தில் வெடித்தது. வீடுகள் அதிகம் இல்லாத மலைப்பகுதி. அங்கே வாழும் லுன் பாவாங் மக்களும் நம்மைப் போன்ற சிறுபான்மையினரே. தலைநகரில் அது இரண்டு நாள் செய்தியோடு முடிந்தது.

2025 ஏப்ரல் 1-ஆம் தேதி அப்படி முடியவில்லை. நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்குச் சற்றுப் பிறகு சுபாங் ஜெயா, புத்ரா ஹைட்ஸில் பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் வெடித்தது. தீப்பிழம்பு அடுக்குமாடிக் கட்டடத்தைவிட உயரமாக எழுந்தது. பிற்பகல் வரை எரிந்தது. குழாய் இருந்த இடத்தில் ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம். 80-க்கும் மேற்பட்ட வீடுகள் குடியிருக்க முடியாதபடி சிதைந்தன, இன்னும் பல வீடுகள் பாதி சேதமடைந்தன. ஏறக்குறைய 400 வாகனங்கள் பாழாயின. சுமார் 150 பேர் காயமடைந்தார்கள். வெறுங்காலோடு ஓடியவர்களுக்குத் தார்ச்சாலை சுட்டது. பெருநாள் என்பதால் பலர் ஊருக்குப் போயிருந்தார்கள். வேலைநாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. அங்கே வீடிழந்தவர்கள் எல்லா இனத்தவரும்தான். நெருப்பு அடையாள அட்டையைக் கேட்பதில்லை.

மூன்று மாதம் கழித்து, ஜூன் 30-ஆம் தேதி விசாரணை முடிவு வெளியானது. குழாய்க்குக் கீழே இருந்த மண் ஈரத்தில் இளகி, தாங்கும் வலுவை இழந்தது. குழாய் முதலில் இருந்த இடத்திலிருந்து 25.9 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. தொடர்ந்த அசைவில் பற்றவைப்பு இணைப்பு களைத்து உடைந்தது. சதி இல்லை, அலட்சியமும் நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். வீடிழந்த பலருக்கு இந்தப் பதில் திருப்தி தரவில்லை, நமக்கும் தரவில்லை. ஒரு சாண் அளவுக்கு மேல் குழாய் இறங்கும்வரை யாருக்கும் தெரியவில்லை என்றால், தெரிந்துகொள்ளும் ஏற்பாடு போதவில்லை என்றுதானே பொருள்? யார் மீதும் குற்றம் இல்லை என்பதால் யாருக்கும் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடுமா?

வெடிப்புக்குப் பிறகு, எரிவாயுக் குழாய்க்கும் வீட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் விட வேண்டும் என்ற விதியைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. நல்லது. ஆனால் முப்பது, நாற்பது ஆண்டுகளாக இந்தத் தூரம் யாருடைய மேசையில் முடிவானது? கடலில் ஆளில்லாத மேடைக்குக்கூட 500 மீட்டர் கொடுக்கத் தெரிந்த சட்டம், பிள்ளைகள் தூங்கும் வீட்டுக்கு என்று வரும்போது ஏன் நிலத்தின் விலையைக் கணக்குப் பார்க்கிறது? குழாய்ப் பாதையை விட்டு ஒவ்வொரு வீட்டையும் 500 மீட்டர் தள்ளிக் கட்டு என்று நாம் கேட்கவில்லை. இந்த நாட்டில் அது நடக்காது என்று நமக்குத் தெரியும். பாதை எங்கே போகிறது, வெடித்தால் எதுவரை எட்டும், அந்த எல்லைக்குள் குடியிருப்பவர் யார் யார் என்று அவர்களுக்குச் சொல் என்கிறோம்.

இதைச் சொல்ல வேண்டும் என்ற சட்டம், பெரும் ஆபத்துள்ள தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை, இங்கே ஏற்கனவே இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. 1991 மே 7-ஆம் தேதி சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சுற்றியிருந்த வீடுகளும் சிதறின. அந்த விபத்துக்குப் பிறகே 1994-ல் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1996-ல் பெருந்தொழில் விபத்து அபாயக் கட்டுப்பாட்டு விதிமுறைகள் வந்தன. விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய சுற்றுவட்டார மக்களுக்கு ஆபத்தின் தன்மையையும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் தொழிற்சாலை நடத்துபவர் தெரிவிக்க வேண்டும் என்று அந்த விதிமுறைகள் சொல்கின்றன. பிறையிலும் பட்டர்வொர்த்திலும் இரசாயனத் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் வாழும் நம் குடும்பங்களில் எத்தனை பேர் கைக்கு அப்படி ஒரு தாள் வந்திருக்கிறது? வந்திருந்தால் அது பாட்டிக்குப் புரியும் மொழியில் இருந்ததா?

ஜெலுத்தோங்கில் இருப்பவர்களுக்குப் புகையின் குணம் தெரியும். 2022 ஜூனில் கடலோரக் குப்பைமேடு பற்றி எரிந்தபோது ஜன்னலைச் சாத்தி, ஈரத்துணியை இடுக்கில் அடைத்து, இளைப்பு நோய் உள்ள பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிய வீடுகள் உண்டு. எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது, எப்போது வெளியேற வேண்டும் என்பதை அப்போது நாம் ஒருவர் வாய்க்கேட்டு ஒருவர் தெரிந்துகொண்டோம். அதுவே எரிவாயுவாக இருந்தால் வாய்க்கேட்க நேரம் இருக்காது. அருகிலேயே கம்போங் புவா பாலா 2009-ல் தரைமட்டமானதையும் நாம் பார்த்தோம். தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்கே நிலத்தைப் பற்றிய முடிவு கடைசியாகத்தான் தெரிந்தது. பூமிக்கு மேலே இருக்கும் வீட்டைப் பற்றியே இப்படியென்றால் பூமிக்கு அடியில் இருப்பதைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?

ஆகவே கேட்போம், எழுத்தில் கேட்போம். பினாங்குத் தீவின் மாநகர் மன்றத்திடமும் செபராங் பிறை மாநகர் மன்றத்திடமும் ஒரே கேள்வி: நம் குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் எரிவாயுக் குழாய், எண்ணெய்க் கிடங்கு, பெரும் ஆபத்துத் தொழிற்சாலை என எது இருக்கிறது? குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில், கோயில் நிர்வாகத்தின் பெயரில், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் தனித்தனியாக அனுப்புங்கள். கிடைத்ததற்கு அத்தாட்சி முத்திரை வாங்குங்கள். ஒரு நகல் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதார இலாகாவின் பினாங்கு அலுவலகத்துக்குப் போகட்டும், இன்னொன்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு. பாதுகாப்பு அறிவிப்புகள் தமிழிலும் வேண்டும் என்று அதே கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். இது மொழிப்பற்றுக்காக மட்டும் கேட்பது இல்லை. ஓடு என்று எழுதியிருப்பது புரியாதவர் ஓட மாட்டார்.

மேடை வேலைக்குப் பிள்ளையையோ கணவரையோ அனுப்பும் வீட்டார் செய்ய வேண்டியது வேறு. சம்பளச் சீட்டில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஏஜெண்டின் பெயரா, குத்தகையாளரின் பெயரா, அல்லது சீட்டே கிடையாதா? சொக்சோ சந்தா உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்று சொக்சோ அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள். சம்பளத்தில் பிடித்தார்கள் என்பது கட்டினார்கள் என்பதற்குச் சாட்சி ஆகாது. சுயதொழில் செய்பவர் என்று தாளில் கையெழுத்து வாங்கினால், படிக்காமல் போட வேண்டாம். முதலாளி தன் பொறுப்பைக் கழற்றிவிடுவதற்கு அது ஒரு வழி. வேலையிடத்து விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. அவர் தெரிவிக்காவிட்டால் நீங்கள் தெரிவியுங்கள். கப்பலின் பெயர், மேடையின் பெயர், குத்தகையாளரின் தொலைபேசி எண் மூன்றையும் அவர் கிளம்புவதற்கு முன்பே எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டிவையுங்கள். டாயாங் டோப்பாஸ் செய்தி வந்த காலையில் தம் பிள்ளை எந்தக் கப்பலில் இருக்கிறான் என்றே தெரியாமல் தவித்த பெற்றோர் இருந்திருப்பார்கள்.

அவருக்கும் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். 1994 சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. உடனடி உயிராபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பக் காரணம் இருந்து, முதலாளியும் அதை அகற்றாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம் என்று 26ஏ பிரிவு சொல்கிறது. அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. கடமை தவறும் முதலாளிக்கு 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைத்தாக வேண்டும். அந்தக் குழுவில் குத்தகைத் தொழிலாளர் சார்பில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் எங்களுக்கும் எழுதுங்கள்.